பார்வையா, வைத்தியமா?

உயர்தரம் முடித்த பழைய மாணவி ஒருவர் கேட்டிருந்தார்: "சேர், ஒரு புத்தகத்துக்குத்தான் காசிருக்கு. மனிசன் எப்படிக் காண்கிறான் என்கிற ஆய்வு நூலை வாங்கவா, வைத்திய வரலாற்றை வாங்கவா?" அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். நம்மூர்க் கதையும் இதில் இருக்கிறது.

வைத்திய வரலாற்றை முதலில் வாங்கச் சொன்னேன். பார்வை பற்றிய ஆய்வு வளர்ந்ததே வைத்தியர்களோடு வாதாடித்தான். 9ஆம் நூற்றாண்டு பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் என்ற கிறிஸ்தவ வைத்தியர் கண்ணைப் பற்றிப் பத்துக் கட்டுரைகள் எழுதினார். கிரேக்க வைத்தியர் கலேன் சொன்னதுபோல, மூளையிலிருந்து ஒரு நுண்சக்தி நரம்பு வழியே கண்ணுக்கு வந்து வெளியே செல்வதால் காண்கிறோம் என்றார். 11ஆம் நூற்றாண்டில் இப்னுல் ஹைதம் அதை மறுத்தார். பொருளிலிருந்து ஒளிதான் கண்ணுக்கு வருகிறது. கண்டது இன்னதென்று அறிய நினைவும் அனுமானமும் வேண்டும் என்றார். ஆனால் கண்ணின் அமைப்பை அவர் வைத்தியர்களிடமிருந்தே எடுத்துக்கொண்டார். கலேனைத் தெரியாமல் அவருடைய 'கிதாபுல் மனாழிர்' நூலைத் திறந்தால், மனிதர் யாரோடு மல்லுக்கு நிற்கிறார் என்றே விளங்காது.

இனி நம்மூர். கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் (1747–1782) காலத்துக் கண்டி அரண்மனை வைத்தியர்களில் கோபால பரம்பரை முஸ்லிம்களும் இருந்தார்கள். பேராசிரியர் லோர்னா தேவராஜா 1994இல் வெளியிட்ட புத்தகத்தில் இதை வாசிக்கலாம். 2018 திகன கலவரத்துக்குப் பிறகு "நாங்க எப்ப இங்க வந்த?" என்று வகுப்பில் பிள்ளைகள் கேட்கும்போது, எனக்குக் கைகொடுக்கிற பக்கங்கள் அவை.

இன்னொன்று. இலங்கையில் பிரதம நீதியரசராக இருந்த சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் 1827இல் எழுதிய கடிதமொன்றில், அரிஸ்டோட்டில், கலேன், தொலமி போன்றோரின் அரபு மொழிபெயர்ப்புகளிலிருந்து எடுத்தெழுதிய பகுதிகளை இங்குள்ள முஸ்லிம்கள் தன்னிடம் கொண்டுவந்து காட்டியதாகச் சொல்கிறார். மூல நூல்களை முன்னோர் பக்தாதிலிருந்து வரவழைத்துப் பல நூறு வருடம் குடும்பங்களில் வைத்திருந்தார்களாம். பிறகு கஷ்டகாலத்தில் கிழக்குத் தீவுகளுக்குப் போய்வந்த வியாபாரிகளுக்கு விற்றுவிட்டார்களாம்.

அந்த வீடுகளில் கலேனும் தொலமியும் ஒரே பெட்டிக்குள் இருந்திருக்கிறார்கள்!

உங்கள் வீட்டு அட்டாலியில் மூத்தவாப்பா காலத்து வைத்தியக் குறிப்போ, அரபுத்தமிழ்க் கிதாபோ கிடந்தால் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். நாலு பக்கத்தைப் படம் பிடித்து எனக்கு அனுப்புங்கள்.