ரத்தத்தைக் கழுவ முடியாதா?

யூதர்களின் புத்தாண்டு ரோஷ் ஹஷானா. அன்னைக்குப் பலர் கடற்கரைக்கோ ஆற்றங்கரைக்கோ போய் ஜெபம் சொல்வாங்க. பாவத்தைத் தண்ணியில் எறிவதா அர்த்தம், பேர் தஷ்லீக். பத்தாம் நாள் யோம் கிப்பூர். அன்று உபவாசம் இருந்து, நெஞ்சில் தட்டிக்கொண்டே பாவ அறிக்கை சொல்வாங்க. அதில் ‘நான்’ கிடையாது, ‘நாங்கள்’தான். இன்னொரு விதியும் உண்டு: அடுத்தவருக்குச் செய்த தப்பை, அவரைச் சமாதானப்படுத்தாமல் எந்த ஜெபமும் போக்காது.

இதுக்கும் நம்ம முத்துக்குளித்துறைக்கும் என்ன சம்பந்தம்? ஒரு மனுஷர்.

1497-ல் போர்ச்சுகல் தன் யூதர்களைக் கட்டாயமா மதம் மாற்றியது. மாறின பிறகும் ‘ரத்தம் சுத்தமில்லை’ என்று அவர்கள் வம்சத்தையே ஒதுக்கினாங்க. அந்த வம்சத்தில் 1520-ல் பிறந்தவர் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ்; நம்ம ஊர்ல அண்டிரிக் அடிகளார். பிரான்சிஸ்கன் சபையிலிருந்து அவர் வெளியேற வேண்டி வந்தது இந்த வம்சக் கணக்கால்தான். இயேசு சபை சேர்த்துக்கொண்டது.

1546-ல் இந்தியா வந்தவர், இந்தக் கரையில் பரதவர் நடுவே தமிழ் படித்தார். 1578-ல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிட்டார். 1580-ல் கொச்சியில் ‘கொம்பெசியொனாயரு’: பாவசங்கீர்த்தனம் செய்வது எப்படி என்று சொல்லும் தமிழ்ப் புத்தகம்.

அவர் யோம் கிப்பூரைத் தமிழுக்குக் கொண்டுவந்தார்னு சொல்ல வரலை. இது குருவானவர் முன்னால் தனி ஆள் செய்யும் கத்தோலிக்கச் சடங்கு. என்னைத் தொட்டது வேற. கழுவ முடியாத கறை உன் ரத்தத்தில் இருக்குன்னு சொல்லப்பட்டவர், எந்தப் பாவமும் கழுவப்படும்னு பரதவருக்கு எழுதினார்.

1600-ல் இறந்தார், தூத்துக்குடியில் அடக்கம். யோம் கிப்பூர் விதிப்படி பார்த்தா, அவரை ஒதுக்கினவங்க ஜெபத்தோடு நிறுத்தியிருக்கக் கூடாது. அவர்கிட்டயே மன்னிப்பு கேட்டிருக்கணும்.