பைக்கில் கூலன்ட் ஒழுகுதா? ஜாப் கார்டை கேட்டு வாங்குங்க!

புது பைக்கை நிறுத்திய இடத்தில் பச்சை, நீலம் அல்லது ஆரஞ்சு நிறத்தில் சொட்டு கிடந்தால் அலட்சியமா விட்டுடாதீங்க. ரேடியேட்டர் கூலன்ட் கசியுதுன்னு அர்த்தம்.

2008-ல் யமஹா ஆர்15, 2012-ல் கேடிஎம் டியூக் 200 வந்த பிறகு 'லிக்விட் கூல்டு' பைக்குகள் சகஜமாகிவிட்டன. கூலன்ட் குறைந்தால் இன்ஜின் சூடேறி, செலவு ஆயிரக்கணக்கில் எகிறிடும்.

சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீங்க, கை வெந்துடும். கூலன்ட் விஷம். குழந்தைகள், நாய்கள் கிட்ட வராம பார்த்துக்கணும். இன்ஜின் ஆயில் பால் கலந்த டீ மாதிரி ஆகியிருந்தால் ஸ்டார்ட் பண்ணவே கூடாது.

வாட்டர் பம்ப் சீல், கேஸ்கட்டில் தயாரிப்புக் குறை என்றால் வாரண்டியில் கேட்கலாம். கல் பட்டு ரேடியேட்டர் ஓட்டையானால் பொதுவா ஏற்க மாட்டாங்க. வெளி மெக்கானிக் கை வைத்தால், அதையே காரணம் காட்டி மறுத்துடலாம்.

சில சர்வீஸ் சென்டர்களில் கூலன்டை மட்டும் ஊற்றி, 'சரியாயிடுச்சு'ன்னு அனுப்பிடுவாங்க. ஒவ்வொரு முறையும் ஜாப் கார்டில் 'கூலன்ட் ஒழுகுகிறது' என்று தேதி, கிலோமீட்டரோடு எழுதச் சொல்லி நகல் வாங்குங்க. கசிவை போட்டோவும் எடுத்து வைங்க. வாரண்டி முடிந்த பிறகு தகராறு வந்தால், குறை முன்பே இருந்ததற்கு இதுதான் சாட்சி.

அப்பவும் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 ஆண்டுக்குள் மனு போடணும். வக்கீல் கட்டாயமில்லை. பைக் விலை ரூ.5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது.