மவுஸும் பழைய மென்பொருளும்: 'பொருந்திப்போதல்' குறித்துச் சில குறிப்புகள்

வரலாற்றை யார் எழுதுகிறார்கள், யாருக்காக எழுதுகிறார்கள் என்ற கேள்விகளை நாம் நிறையவே கேட்டாயிற்று. எழுதி வைத்ததை எந்த இயந்திரத்தில் திறந்து படிப்பது என்ற கேள்வியை மட்டும் 'டெக்னிக்கல் சமாச்சாரம்' என்று ஒதுக்கியே வந்திருக்கிறோம். ஓலை செல்லரிக்கும், தாள் பழுப்பேறி நொறுங்கும். இது நமக்குத் தெரிந்த அழிவு. பிளாப்பியில் ஒரு பிட்டும் கெடாமல் அப்படியே கிடக்கும் பிரதி, திறக்க ஆளும் கருவியும் இல்லாமல் ஊமையாகிப் போவது வேறு வகையான அழிவு.

1990களில் சிறுபத்திரிகைகளும் இயக்க வெளியீடுகளும் ஈய எழுத்திலிருந்து கம்ப்யூட்டர் அச்சமைப்புக்கு மாறின. பேஜ்மேக்கர் போன்ற மென்பொருள்களில் பக்கம் கட்டினார்கள். ஒவ்வொரு தமிழ் எழுத்துருவுக்கும் தனித்தனிக் குறியேற்றம். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் 'அ' இருந்த இடத்தில் ஏதோ ஒரு ரோமன் எழுத்தும், 'கொ' இருந்த இடத்தில் இரண்டு மூன்று கிறுக்கலும்தான் வரும். யூனிகோடின் முதல் பதிப்பில் 1991லேயே தமிழுக்கு இடம் இருந்தது. ஆனால் நம் மேசைகளில் உட்கார்ந்திருந்த விண்டோஸ் 3.1க்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. 1999 சென்னை மாநாட்டையொட்டி டாம், டாப் என்ற குறியேற்றங்கள் வந்தன. தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010ல். இடைப்பட்ட காலத்துத் துண்டறிக்கைகள், கட்டுரைகள், மொழிபெயர்ப்புகள் எல்லாம் எந்த இயந்திரத்தில் பிறந்தனவோ அந்த இயந்திரத்தோடு கட்டுண்டு கிடக்கின்றன. ஆகவே பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஓடவைப்பது என்பது சும்மா பொழுதுபோகாத வேலை இல்லை.

இதற்காகவே ஒரு 486 கம்ப்யூட்டரில் டாஸ் 6.22ஐயும் விண்டோஸ் 3.1ஐயும் நிறுவி நான் வேலை பார்த்து வருகிறேன். இதில் முதலில் குறுக்கே நிற்பது எழுத்துருவோ பிளாப்பியோ அல்ல. மவுஸ். பக்கம் கட்டும் மென்பொருளை மவுஸ் இல்லாமல் இயக்குவது கையைக் கட்டிக்கொண்டு கோலம் போடுகிற மாதிரி. அந்தச் சின்னப் பொருளின் வரலாற்றைப் பின்தொடர்ந்தால், ஒரு கருவி இன்னொரு கருவியோடு 'பொருந்திப்போவது' எப்படி நடக்கிறது, அதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பது ஓரளவு துலங்குகிறது.

1

மவுஸுக்கு ஒற்றைத் தோற்றுவாய் தேடுவது வழக்கம். டக்ளஸ் எங்கெல்பார்ட்டின் யோசனையை வைத்து, கலிபோர்னியாவின் ஸ்டான்போர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் பில் இங்கிலிஷ் 1964ல் ஒரு மரக்கட்டையும் இரண்டு சக்கரமுமாக முதல் மாதிரியைச் செய்தார். 1968 டிசம்பர் 9 அன்று சான்பிரான்சிஸ்கோவில் எங்கெல்பார்ட் அதைப் பலர் முன்னிலையில் இயக்கிக் காட்டினார். கதையை இங்கேயே தொடங்கி வளர்ப்பார்கள். ஆனால் அதே 1968ல், அந்தக் காட்சிக்குச் சில வாரம் முன்பே, மேற்கு ஜெர்மனியின் டெலிஃபுங்கன் நிறுவனம் அடியில் உருளும் பந்து வைத்த இதே மாதிரிக் கருவியை வெளியே கொண்டுவந்துவிட்டது. பின்னால் உலகம் முழுக்கப் பரவியது பந்து மவுஸ்தான். முன்னோடி யார் என்ற சண்டை நமக்கு வேண்டாம். எந்தக் கருவி நிலைக்கும் என்பதை யோசனையின் மகத்துவம் மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதைக் குறித்துக்கொண்டால் போதும்.

1981ல் ஜெராக்ஸ் ஸ்டார், 1983ல் ஆப்பிள் லிசா, 1984ல் மெக்கின்டாஷ் ஆகியவற்றில் மவுஸ் இயந்திரத்தோடு பிறந்தது. 1981 ஆகஸ்டில் வந்த ஐபிஎம் பிசியில் அப்படியில்லை. அது விசைப்பலகைக்காரர்களின் இயந்திரம். அதன் டாஸுக்கு மவுஸ் என்றால் என்னவென்றே தெரியாது. 1983ல் மைக்ரோசாஃப்ட் தன் வேர்ட் மென்பொருளோடு சேர்த்து மவுஸை விற்றபோது அது வீட்டுக்கு வந்த விருந்தாளிதான். திண்ணையில் இடம் கிடைத்தது, உள்ளே பாய் போடவில்லை.

2

விருந்தாளி எப்படிப் பேசினான் என்பதைப் பார்ப்போம். சீரியல் போர்ட்டில் செருகும் மவுஸுக்குத் தனி மின்சாரம் கிடையாது. போர்ட்டின் சைகைக் கம்பிகளிலிருந்தே மின்சாரத்தை உறிஞ்சிக்கொள்ளும். டிரைவர் அந்தக் கம்பியை ஒருமுறை அணைத்து ஏற்றினால், மைக்ரோசாஃப்ட் வகை மவுஸ் 'எம்' என்ற ஓர் எழுத்தை அனுப்பும். 'நான் இருக்கிறேன்' என்பதற்கு அதுதான் அடையாளம். அப்புறம் ஒவ்வொரு அசைவுக்கும் மூன்று பைட். வினாடிக்கு 1200 பிட் வேகத்தில் கணக்குப் போட்டால், வினாடிக்கு நாற்பது செய்திக்குச் சற்றுமேல். இன்னொரு கம்பெனியான மவுஸ் சிஸ்டம்ஸின் மொழி வேறு, ஐந்து பைட். சில மவுஸ்களின் வயிற்றில் ஒரு சின்னச் சுவிட்ச் இருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். எந்த மொழியில் பேசவேண்டும் என்பதை அதில்தான் மாற்றுவார்கள்.

1987ல் ஐபிஎம் தன் பிஎஸ்/2 வரிசையில் மவுஸுக்கென்றே ஒரு வட்டத் துளை வைத்தது. அதன் மொழியும் வேறு. இன்று பழைய கடைகளில் ஒரு சின்ன அடாப்டர் கிடைக்கும், பிஎஸ்/2 மவுஸை சீரியலில் செருக. அது எதையும் மொழிபெயர்ப்பதில்லை, கம்பிகளை மட்டும் இணைக்கிறது. மவுஸுக்கே இரண்டு மொழியும் தெரிந்திருந்தால்தான் வேலை நடக்கும். தெரியாத மவுஸைச் செருகிவிட்டு 'டிரைவர் சரியில்லை' என்று இரவெல்லாம் டிரைவரை மாற்றிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

இத்தனை மொழிகளுக்கும் நடுவே எழுதப்பட்ட ஒரு மென்பொருள் எப்படிப் பிழைத்தது? ஓர் ஒப்பந்தத்தால். பதினாறடிமான எண்ணில் 33 என்ற இன்ட்டரப்ட். மென்பொருள் அந்தக் கதவைத் தட்டி, 0 என்று கேட்டால் 'மவுஸ் இருக்கிறதா' என்று பொருள். 1 என்றால் 'சுட்டுக்குறியைக் காட்டு'. 3 என்றால் 'எங்கே நிற்கிறது, எந்தப் பொத்தான் அழுந்தியிருக்கிறது'. பின்னால் இருப்பது சீரியலா, பிஎஸ்/2வா, யார் தயாரித்தது என்பதெல்லாம் மென்பொருளுக்கு வேண்டாம். அது டிரைவரின் கவலை. மைக்ரோசாஃப்ட் தன் மவுஸுக்காக வைத்துக்கொண்ட இந்த ஏற்பாட்டை மற்றவர்களும் பின்பற்றவேண்டியதாயிற்று. எந்தச் சபையும் கூடி இதைத் தரமாக அறிவிக்கவில்லை. சந்தையில் பெரியவன் பேசியது இலக்கணமாயிற்று, அவ்வளவுதான். தரம் என்ற சொல்லுக்குப் பின்னால் அதிகாரம் இருக்கிறது என்று நாம் மொழி விஷயத்தில் சொல்லிவந்தது இங்கேயும் பொருந்துகிறது. ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. ஒப்பந்தம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டால், அதைச் செய்தவன் கைவிட்டாலும் வேறொருவர் அதை நிறைவேற்ற முடியும். இதற்குப் பிறகு வருவேன்.

3

டிரைவரை ஏற்ற இடம் வேண்டுமே. டாஸுக்கு நேரடியாகக் கிடைப்பது 640 கிலோபைட். அதில் மவுஸ் டிரைவர் பத்து கிலோபைட்டுக்கு மேல் கேட்கும், சிடிரோம் கேட்கும், மென்பொருளோ 'எனக்கு 600 வேண்டும்' என்று அடம்பிடிக்கும். ஆகவே ஹைமெம், இஎம்எம்386 என்று மேல்மாடி கட்டி, டிரைவர்களை ஒவ்வொன்றாக மேலே தள்ளுவது. ஒண்டுக்குடித்தனத்தில் யார் எங்கே படுப்பது என்ற பேச்சு மாதிரித்தான். விண்டோஸ் 3.1 வந்தபோது அது தன் மவுஸ் டிரைவரைத் தானே வைத்துக்கொண்டது. ஆனால் விண்டோஸுக்குள் ஒரு டாஸ் மென்பொருளைத் திறந்து அதில் மவுஸ் வேண்டுமென்றால், விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே டாஸ் டிரைவரையும் ஏற்றியிருக்கவேண்டும். ஒரே எலிக்கு இரண்டு பாகன்!

பழைய மென்பொருளின் கதை இதைவிட விசித்திரம். 1991ல் வந்த டாஸ் 5ல் 'செட்வெர்' என்று ஒன்று உண்டு. சில மென்பொருள்கள் டாஸின் பதிப்பு எண்ணைக் கேட்டு, தெரியாத எண் வந்தால் ஓட மறுத்துவிடும். அவற்றுக்குப் பழைய எண்ணைச் சொல்லி ஏமாற்றும் பட்டியல்தான் செட்வெர். ஆபரேட்டிங் சிஸ்டமே தன் வயதைக் குறைத்துச் சொல்கிறது. போர்லாந்தின் டர்போ பாஸ்கலில் எழுதிய பல மென்பொருள்கள், 200 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்களில் தொடங்கும்போதே 'பிழை 200' என்று செத்துப்போகும். 55 மில்லிசெகண்டில் எத்தனை சுற்று ஓடுகிறது என்று எண்ணி, 55ஆல் வகுத்துப் பார்ப்பார்கள். விடை 65,535ஐத் தாண்டினால் பதினாறு பிட்டில் அடங்காது. இயந்திரம் இவ்வளவு வேகமாகும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. வேகமே ஒரு மென்பொருளைக் கொல்லும் என்பது, வளர்ச்சி என்ற கதையாடலை நம்புகிறவர்கள் யோசிக்கவேண்டிய விஷயம்.

1995ல் விண்டோஸ் 95ஐத் தயாரித்தபோது, சிம்சிட்டி என்ற விளையாட்டு, திருப்பிக் கொடுத்துவிட்ட நினைவகத்தையே மறுபடி படிக்கும் தவறோடு இருந்தது. டாஸும் பழைய விண்டோஸும் அதைக் கண்டுகொள்ளவில்லை, புதியது விடாது. மைக்ரோசாஃப்ட்காரர்கள் சிம்சிட்டி ஓடுகிறதா என்று பார்த்து, ஓடினால் மட்டும் நினைவகத்தை உடனே திரும்ப எடுக்காமல் விட்டுவைத்தார்கள். அந்த விளையாட்டின் விண்டோஸ் வடிவத்தை எழுதிய ஜான் ராஸ் சொன்னதாக ஜோயல் ஸ்போல்ஸ்கி 2000ல் இதைப் பதிவு செய்தார்.

4

இதைக் கருணை என்று படிக்கலாமா? அதே நிறுவனத்தின் விண்டோஸ் 3.1 சோதனைப் பதிப்பில் வேறொரு நிரல்துண்டு இருந்தது. கீழே இருப்பது மைக்ரோசாஃப்ட் டாஸா, போட்டியாளரான டிஆர் டாஸா என்று பார்த்து, பின்னதாக இருந்தால் காரணமில்லாமல் ஒரு பிழைச்செய்தியைக் காட்டுவதற்கு. 1993ல் ஆண்ட்ரூ ஷுல்மன் இதைப் பிரித்துக் காட்டினார். டிஆர் டாஸை வாங்கியிருந்த கால்டெரா 1996ல் வழக்குத் தொடுத்தது. 2000ல் அது சமரசத்தில் முடிந்தது. ஆக, பொருந்திப்போதல் என்பது கொடுக்கவும் மறுக்கவும் கூடிய ஒன்று. விற்பனைக்கு உதவும் பழசு காப்பாற்றப்படும், உதவாத பழசு காலாவதி என்று அறிவிக்கப்படும். 64 பிட் விண்டோஸில் 16 பிட் மென்பொருள் ஓடாது. 2021ல் வந்த விண்டோஸ் 11க்கு 32 பிட் வடிவமே இல்லை. டாஸும் விண்டோஸ் 3.1ம் சார்ந்த மென்பொருளுக்கு அதிகாரபூர்வ வாசல் அத்தோடு அடைபட்டது. யாரிடமும் கேட்கவில்லை. நாம் காசு கொடுத்து வாங்கியதும் மென்பொருள் அல்ல, பயன்படுத்தும் அனுமதிதானே.

வாசல் அடைபட்ட பிறகும் உள்ளே போக வழி வைத்தவர்கள் பெரும்பாலும் சம்பளத்துக்கு வேலை செய்தவர்கள் அல்லர். மைக்ரோசாஃப்ட் டாஸைக் கைவிடப்போகிறது என்று தெரிந்ததும் 1994ல் ஜிம் ஹால் என்ற மாணவர் சுதந்திரமான டாஸ் ஒன்றை எழுதலாம் வாருங்கள் என்று அழைத்தார். ஃப்ரீடாஸ் வந்தது. 1.0 பதிப்புக்கு 2006 வரை ஆனது, ஆனாலும் வந்தது. அதோடு வரும் க்யூட்மவுஸ் டிரைவர் பழைய 33ஆம் ஒப்பந்தத்தை அப்படியே நிறைவேற்றுகிறது, அதுவும் மிகக் குறைந்த இடத்தில். 2002ல் வந்த டாஸ்பாக்ஸ் அந்தப் பழைய இயந்திரத்தையே புதிய இயந்திரத்துக்குள் நடித்துக் காட்டுகிறது. மவுஸ் உட்பட. மைக்ரோசாஃப்டே 2014ல் டாஸ் 1.25, 2.11 ஆகியவற்றின் மூலநிரலைப் படிக்கக் கொடுத்தது. 2018ல் சுதந்திர உரிமத்தில் விட்டது. 2024ல் 4.00ஐயும். லாபம் முழுதாக வற்றிய பிறகு!

5

இயக்கங்களில் இருப்பவர்களுக்கும் பத்திரிகை நடத்துகிறவர்களுக்கும் இதிலிருந்து சொல்ல எனக்குச் சில விஷயங்கள் உண்டு. பழைய பிளாப்பியும் சிடியும் பரணில் இருந்தால், கோப்பை மட்டும் நகலெடுக்காதீர்கள். அதை எழுதிய மென்பொருளையும், எழுத்துருவையும், மவுஸ் டிரைவரையும், அந்தக் கம்ப்யூட்டரின் தொடக்கக் கோப்புகள் இரண்டையும் சேர்த்தே எடுங்கள். பிளாப்பியை முழு வட்டுப் பிம்பமாக எடுத்து வையுங்கள். ஒரு தடவை திறந்துவிட்டால் உரையை யூனிகோடுக்கு மாற்றுங்கள், ஆனால் மூலக்கோப்பை எறிந்துவிடாதீர்கள். பக்கத்தின் அமைப்பு, ஓரத்தில் இருந்த கட்டம், எந்தச் சொல்லைத் தடித்த எழுத்தில் போட்டார்கள் என்பதெல்லாம் உரையில் வராது. இனி எழுதுவதையாவது இலக்கணம் வெளிப்படையாகத் தெரிந்த வடிவங்களில் சேமியுங்கள்.

அச்சகத்தில் ஈய எழுத்தை உருக்கி விற்றபோது நாம் வருத்தப்பட்டோம். அப்போதும் அச்சான தாள் கையில் இருந்தது. இன்று உருக்கப்படுவது வெளியே தெரிவதில்லை. அந்தக் கோப்புகளை எழுதியவர்களில் பலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்; எந்த எழுத்துரு, எந்த மென்பொருள் என்று அவர்களுக்கு நினைவிருக்கும். அவர்களைக் கேட்டு எழுதிவைக்கிற வேலையை இப்போதே தொடங்கவேண்டும்.