யார் பற்றில் எழுதுவது?

கொண்டுவிக்கப் பர்மா போனவர்களின் பணத்தில் எழுந்த ஊர் கானாடுகாத்தான். பெட்டியடிப் பையனைப் பழக்கி அடுத்தாளாக, மேலாளாக ஆக்கும் செலவை முதலாளி ஏற்றார். கப்பல் கூலி, சாப்பாடு எல்லாம் கடைக் கணக்கு. பையன் தவணைக்கு உழைத்துக் கழித்தான். ஒரு ஆளைத் தயார் பண்ண எவ்வளவு ஆகும் என்பதோடு பேரேடு நிற்காது. யார் பற்றில் என்றும் கேட்கும். ராணுவ அதிகாரிப் பயிற்சியையும் இப்படிக் கேட்டுப் பார்க்கலாம்.

1918இல் சாண்ட்ஹர்ஸ்டில் இந்தியருக்கு ஆண்டுக்குப் பத்து இடம் ஒதுக்கினார்கள். செலவு தகப்பன் பற்று. ஆகவே வர்க்கமே முதல் தகுதி. குமாரமங்கலம் ஜமீன்தார் ப. சுப்பராயனின் மகன் பி.பி. குமாரமங்கலம் ஈட்டனில் படித்து, ஊல்விச்சில் பயின்று 1933இல் அதிகாரியானார்; 1966இல் தரைப்படைத் தலைமைத் தளபதி. அவர் திறமையை யாரும் மறுக்கவில்லை. அது வெளிப்பட ஒரு ஜமீன் தேவைப்பட்டது என்பதுதான் விஷயம். 1932இல் டேராடூன் அகாடமி 40 பேரோடு தொடங்கியபோது 15 இடம் போட்டித் தேர்வுக்கு, 15 சிப்பாய் வரிசைக்கு, 10 சமஸ்தானப் படைகளுக்கு. போட்டித் தேர்வில் வந்தவன் வீட்டுக்காசு கட்டினான். சிப்பாய்க்குச் சர்க்கார் கட்டியது.

இன்று கடக்வாஸ்லாவில் மூன்று வருஷம், பிறகு டேராடூனில் ஒன்று. பட்டப்படிப்பு உட்பட அரசின் பற்று. 1962 சீனப் போருக்குப் பின் 1963இல் பரங்கிமலையில் தொடங்கிய பள்ளியில், இப்போதைய அகாடமியில், 49 வாரம்தான். மலிவு என்கிறார்கள். எப்படி மலிவு? உள்ளே வரப் பட்டம் வேண்டும். அந்தக் காலேஜ் ஃபீஸ் அப்பன் கட்டியது. குறுகிய காலப் பணியில் பத்து, நீட்டித்தால் பதினான்கு வருஷம், பென்ஷன் கிடையாது. முன்செலவும் பின்செலவும் குடும்பத்தின் தலையில். செலவு குறையவில்லை, பக்கம் மாறியிருக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. பயிற்சியில் அடிபட்டு, உடல் ஊனமாகி வெளியேற்றப்பட்டவர்கள் 1985 முதல் சுமார் 500 பேர். அதிகாரியாக நியமனம் ஆகவில்லை, ஆகவே முன்னாள் படைவீரர் இல்லை என்றது விதி. கருணைத் தொகைதான் கொடுத்தார்கள். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தானாகவே இதைக் கையில் எடுத்தது. அதன் பிறகே படைவீரர் மருத்துவத் திட்டம் அவர்களுக்கு நீட்டிக்கப்பட்டது. அதுவரைக்கும் ஆன வைத்தியச் செலவு எந்தப் பேரேட்டில் ஏறியது? பையனைப் பெற்றவர்கள் பேரேட்டில். எந்தப் பயிற்சி மலிவு என்று ஒப்பிட உட்காருகிறவர்கள் அதையும் சேர்த்துக் கூட்டட்டும்.