உதைத்த வாளியும் கொட்டிய பீன்ஸும்: ஆங்கில மரபுத்தொடர்களில் பொருள் தங்கும் இடம்

சொற்களின் பொருளைக் கூட்டிப் பார்த்தால் கிடைக்காத பொருளைத் தருவது மரபுத்தொடர் என்பதே நம் பாடநூல்கள் சொல்லும் வரையறை. ‘கிக் த பக்கெட்’ என்றால் இறந்துபோதல், ‘ஸ்பில் த பீன்ஸ்’ என்றால் இரகசியத்தை வெளியிடுதல் என்று போட்டித் தேர்வுக் கையேடுகளில் வரும் பட்டியல்கள் இதிலிருந்து பிறந்தவை. இந்த வரையறை பாதிதான் உண்மை. விடுபட்ட பாதியில்தான் தொடர்களைக் கையாளும் முறை அடங்கியிருக்கிறது.

மேற்கண்ட இரு தொடர்களையுமே எடுத்துக்கொள்வோம். ‘த பீன்ஸ் வேர் ஸ்பில்ட்’ என்று செயப்பாட்டு வினையில் சொன்னாலும் இரகசியம் வெளியானது என்ற பொருள் கெடுவதில்லை. ‘த பக்கெட் வாஸ் கிக்ட்’ என்றாலோ யாரோ ஒரு வாளியை உதைத்தார்கள் என்பது மட்டுமே மிஞ்சும். சாவு காணாமல் போய்விடும். ஜெஃப்ரி நன்பர்க், ஐவன் சாக், தாமஸ் வாசோ மூவரும் 1994இல் ‘லாங்க்வேஜ்’ ஆய்விதழில் இதற்குத் தந்த விளக்கம் இன்றும் வலுவானது. முதல் தொடரில் கொட்டுதல் வெளியிடுதலையும், பீன்ஸ் இரகசியத்தையும் குறிக்கின்றன. பொருள் உறுப்புகளுக்குப் பங்கிடப்பட்டிருக்கிறது. சாவில் வாளிக்கு ஒப்பான உறுப்பு எதுவும் இல்லை. பங்கு பெற்ற உறுப்பு அடைமொழியையும் ஏற்கும். எல்லா வழிகளையும் முயன்று பார்ப்பதைக் குறிக்கும் ‘லீவ் நோ ஸ்டோன் அன்டர்ன்ட்’ என்ற தொடரில் கல்லுக்கு முன் ‘லீகல்’ என்று சேர்த்தால், சட்ட வழிகள் அனைத்தையும் என்று பொருள் குறுகுகிறது. தனக்கென்று பொருளில்லாத சொல்லை அடைமொழி இப்படிக் குறுக்க முடியாது.

மரபுத்தொடர் மனத்தில் ஒற்றைச் சொல்லாகவே பதிந்திருக்கிறது என்பார் இதை மறுப்பர். டேவிட் ஸ்வின்னியும் ஆன் கட்லரும் 1979இல் வெளியிட்ட சோதனைகளில், வாசகர்கள் மரபுத்தொடர்களைச் சாதாரணத் தொடர்களைவிட விரைவாக இனங்கண்டனர். அந்த முடிவை நான் மறுக்கவில்லை. ஆனால் விரைந்து புரிவது, உள்ளே உறுப்புகள் இல்லை என்பதற்குச் சான்றாகாது. பங்கீடே இல்லாதது என்று ஒதுக்கப்பட்ட வாளித் தொடரிலும் உதைக்கும் வினையின் சாயல் ஒட்டியிருக்கிறது. உதை ஒரு நொடியில் முடிவது. அதனால்தான் மாதக் கணக்கில் படுத்த படுக்கையாக இருந்து மெல்ல இறப்பவரைப் பற்றி அத்தொடர் பொருந்தாமல் ஒலிக்கிறது. 1999இல் ஹாம்ப்ளினும் கிப்ஸும் தம் ஆய்வில் காட்டியது இதுவே. இந்தச் சிறு உண்மை, தொடரின் பொருள் சொற்களிலிருந்து முற்றிலும் விடுபட்டது என்ற வாதத்தை அசைத்துவிடுகிறது.

தோற்றக் கதைகள் இங்கே உதவுவதில்லை. முழுவதும் என்று பொருள்படும் ‘த ஹோல் நைன் யார்ட்ஸ்’ இரண்டாம் உலகப் போர் விமானங்களின் தோட்டாப் பட்டையின் நீளத்திலிருந்து வந்தது என்று பரவலாகச் சொல்வார்கள். 1907இலேயே அமெரிக்காவின் இண்டியானாவில் ஒரு செய்தித்தாளில் அத்தொடர் வந்துவிட்டது. 1912இல் கென்டக்கியில் அது ‘சிக்ஸ் யார்ட்ஸ்’ என்றே அச்சாகியிருக்கிறது. எண்ணே நிலையாக இல்லாத காலத்துத் தொடருக்குத் தோட்டாப் பட்டை எப்படி மூலமாகும்?

புழக்கத்தின் நிலை இன்னும் கவனத்துக்குரியது. ரோஸமண்ட் மூன் சுமார் 1 கோடியே 80 லட்சம் சொற்கள் கொண்ட தரவகத்தை ஆராய்ந்து 1998இல் எழுதிய நூல், பாடநூல்கள் விரும்பிக் காட்டும் வண்ணத் தொடர்கள் பல உண்மையான எழுத்தில் மிக அரிதாகவே வருகின்றன என்று நிறுவியது. வாளித் தொடர் அவற்றுள் ஒன்று. அரிதாக வரும்போதும் அது விளையாட்டுத்தனமும் அலட்சியமும் கலந்த தொனியில்தான் வரும். தந்தையை இழந்த மேலதிகாரிக்கு எழுதும் இரங்கல் கடிதத்தில் ஒரு மாணவர் அதைச் சேர்த்தால், கையேட்டின்படி பொருள் சரி. படிப்பவர் மனம் புண்படும். ‘இறந்துபோதல்’ என்ற ஒற்றைச் சொல் இந்த ஆபத்தை மறைத்துவிடுகிறது. இதை மாணவரின் கவனக்குறைவு என்று தள்ளுவது அநியாயம். அவருக்குத் தரப்பட்ட விளக்கமே குறையுடையது.

1995இல் வந்த கோபில்ட் மரபுத்தொடர் அகராதி, பொருளை முழு வாக்கியமாக எழுதி, மிகுதியாக வழங்கும் தொடர்களைத் தனியே குறியிட்டது. நம் கையேடுகள் ஒவ்வொரு தொடரின் எதிரிலும் மூன்று செய்திகளையாவது சேர்க்கலாம்: யார் யாரிடம் சொல்வது, எவ்வளவு அடிக்கடி வருவது, எந்த உறுப்பை மாற்றலாம் என்பவை. வினாத்தாளில் ‘பொருத்துக’ பகுதிக்குப் பதில் இரங்கல் கடிதம், நண்பர்களின் அரட்டை, செய்தித் தலைப்பு ஆகியவற்றைத் தந்து, வாளித் தொடர் எதில் இடம்பெறலாம், ஏன் என்று கேட்கலாம்.