மைக் கிடைத்த அப்பாவும் கிடைக்காத அப்பாக்களும்

வாட்ஸ்அப்பில் இப்படியான செய்திகளை நாங்கள் எல்லாரும் பார்த்திருப்போம். சிரிக்கிற ஒரு குழந்தையின் படம். கீழே இரத்தவகை, வங்கிக் கணக்கு இலக்கம், அம்மாவின் தொலைபேசி இலக்கம். 'தயவுசெய்து பகிருங்கள்' என்று ஒரு வரி. நாங்களும் பகிர்ந்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். ஆனா சிலவேளை மனதுக்குள்ள ஒரு கேள்வி உறுத்தும். படம் எடுத்துப் போட ஆள் இல்லாத குழந்தைக்கு என்ன நடக்கும்?

இந்தக் கேள்வி வாட்ஸ்அப்போடு வந்ததில்லை. 40 வருடங்களுக்கு முதல், அமெரிக்காவில் ஒரு சட்டம் உருவாவதற்கே இதுதான் காரணங்களில் ஒன்றாக இருந்தது. அந்தக் கதை ஒரு அப்பாவிலிருந்து தொடங்குகிறது.

1982ஆம் ஆண்டு. மசாசுசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த சார்ள்ஸ் ஃபிஸ்க் என்பவருடைய மகள் ஜேமிக்கு வயது 11 மாதம். ஈரலிலிருந்து பித்தநீரைக் கொண்டுபோகும் குழாய்கள் சரியாக உருவாகாத நோயோடு பிறந்த குழந்தை. பித்தநீர் உள்ளேயே தேங்கி ஈரலை அரித்துக்கொண்டிருந்தது. வேறொரு ஈரல் கிடைக்காவிட்டால் அவள் பிழைக்கமாட்டாள்.

ஈரல் மாற்று அப்போது இன்றைக்குப் போல இல்லை. தோமஸ் ஸ்டார்சல் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1963 மார்ச் 1ஆம் திகதி டென்வர் நகரில் முதன்முதலாக இதைச் செய்துபார்த்தார். நோயாளி இதே நோயுள்ள 3 வயதுப் பையன். சத்திரசிகிச்சை மேசையிலேயே இறந்துபோனான். 1980க்குப் பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. பங்கசு ஒன்றிலிருந்து எடுத்த சைக்ளோஸ்போரின் என்ற மருந்து, புதிய உறுப்பை உடல் தாக்காமல் கட்டுப்படுத்தியது. அதன்பிறகு ஈரல் மாற்றியவர்கள் பலர் ஒரு வருடத்தைத் தாண்டி வாழ்ந்தார்கள். ஆனாலும் காப்புறுதி நிறுவனங்கள் பலவற்றுக்கு அது இன்னும் 'பரிசோதனை'தான்.

பெரிய சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. கைக்குழந்தையின் வயிற்றுக்குள் வளர்ந்தவரின் ஈரல் அடங்காது. பெரிய ஈரலைப் பிரித்துப் பொருத்தும் முறைகள் அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில்தான் நடைமுறைக்கு வந்தன. ஆகவே ஜேமிக்கு அவளளவான குழந்தையின் ஈரலே தேவைப்பட்டது. அதாவது எங்கேயோ இன்னொரு குழந்தை மூளைச்சாவு அடைந்திருக்க வேண்டும். அதன் பெற்றோர் அந்த நேரத்தில் சம்மதிக்கவும் வேண்டும். அப்படியொரு குழந்தை இருந்தாலும், அந்தச் செய்தியை ஜேமியின் வைத்தியர்களிடம் கொண்டுவந்து சேர்க்க நாடு முழுவதற்குமான முறையான ஏற்பாடு இருக்கவில்லை.

ஃபிஸ்க் காத்துக்கொண்டு இருக்கவில்லை. வைத்தியர்கள், அரசியல்வாதிகள், செய்தியாளர்கள் என்று எல்லாக் கதவுகளையும் தட்டினார். 1982 ஒக்டோபரில் நியூயோர்க்கில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் வருடாந்த மாநாடு நடந்தது. நோயாளியின் தகப்பன் ஒருவர் வந்து கதைக்கிற மேடை இல்லை அது. அங்கே மைக்கைப் பிடித்து, தன் மகளை மறந்துவிடாதீர்கள் என்று கேட்டார். தொலைக்காட்சிகள் அதை நாடு முழுக்கக் காட்டின.

சில நாட்களில் யூட்டா மாநிலத்தில் ஒரு கார் ரயிலோடு மோதியது. 10 மாத ஆண் குழந்தை ஒன்று மூளைச்சாவு அடைந்தது. அந்தக் குழந்தையின் தகப்பன் ஃபிஸ்கின் வேண்டுகோளை ரீவியில் பார்த்திருந்தார். தன் மகனின் ஈரலைக் கொடுக்கச் சம்மதித்தார். நவம்பர் 5ஆம் திகதி மினசோட்டா பல்கலைக்கழக வைத்தியசாலையில் ஜேமிக்கு அந்த ஈரல் பொருத்தப்பட்டது. அவள் பிழைத்தாள்.

இந்தக் கதையை இந்த இடத்தில் முடித்தால் கண்ணீர் வரவைக்கும் நல்ல வீடியோ ஒன்று கிடைக்கும். வரலாறு இந்த இடத்தில் முடியவில்லை.

ஏனென்றால் அதே வாரங்களில் அதே நோயோடு வேறு குழந்தைகளும் காத்திருந்தார்கள். அவர்களுடைய அப்பாக்களுக்குச் செய்தியாளர்களைத் தெரியாது. மேடையில் நின்று கதைக்கத் துணிவு வராது. சிலருக்கு வேலையில் ஒருநாள் லீவு எடுக்கவே ஏலாமல் இருந்திருக்கும். ஃபிஸ்க் செய்தது பிழையில்லை. எங்கட வீட்டுப் பிள்ளை என்றால் நாங்களும் அதைத்தான் செய்திருப்போம். பிழை, அப்படிச் செய்தால்தான் பிள்ளை பிழைக்கும் என்ற நிலைமையில் இருந்தது.

அவருக்குப் பிறகு மற்றக் குடும்பங்களும் அதே வழியில் போகத் தொடங்கின. 1983 ஜூலையில் ஜனாதிபதி ரொனால்ட் ரீகன்கூட, தன் வானொலி உரையில் டெக்சாஸ் குழந்தை ஒன்றுக்கு ஈரல் வேண்டும் என்று நாட்டிடம் கேட்டார். ஒரு நாட்டின் ஜனாதிபதி ஒரு குழந்தைக்காகக் கேட்கலாம். பட்டியலில் உள்ள எல்லாக் குழந்தைகளுக்காகவும் ஒவ்வொரு வாரமும் கேட்க முடியுமா?

மகள் பிழைத்த பிறகு ஃபிஸ்க் குடும்பம் வீட்டுக்குள் ஒதுங்கிவிடவில்லை. உறுப்புதானத்துக்காகத் தொடர்ந்து பேசினார்கள். 1983இல் அல் கோர் தலைமையிலான காங்கிரஸ் உபகுழுவின் விசாரணையில் சாட்சியும் சொன்னார்கள். அந்த வருடம் நடந்த விசாரணைகளில் இன்னொரு விசயமும் வெளியே வந்தது. வேர்ஜினியாவில் முன்னாள் வைத்தியர் ஒருவர், பணத்துக்குச் சிறுநீரகம் வாங்கி விற்கும் தொழில் தொடங்கத் திட்டமிட்டிருந்தார். வறிய நாடுகளிலிருந்து ஆட்களைக் கொண்டுவரலாம் என்பதும் அதில் அடக்கம். அவர் மனதில் வைத்திருந்தது எங்களைப் போன்ற நாட்டு மனிதர்களைத்தான்.

1984 ஒக்டோபர் 19ஆம் திகதி ரீகன் கையெழுத்திட்ட தேசிய உறுப்பு மாற்றுச் சட்டம் இந்த இரண்டுக்கும் பதில் சொன்னது. உறுப்பை விற்பதும் வாங்குவதும் குற்றமானது: 50,000 டொலர் வரை தண்டப்பணம், 5 வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். அதோடு நாடு முழுவதற்கும் ஒரே பட்டியல், ஒரே வலையமைப்பு. இரத்தவகை, உடலளவு, நோயின் கடுமை, காத்திருந்த காலம், தூரம் போன்றவற்றை வைத்து யாருக்கு முதலில் என்று முடிவாகும். யாருடைய அப்பா நன்றாகக் கதைப்பார் என்பதற்கு அந்தக் கணக்கில் புள்ளி கிடையாது.

வரிசை வந்ததோடு எல்லாம் நியாயமாகிவிட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. 2013இல் பென்சில்வேனியாவில் 10 வயதுச் சிறுமி ஒருத்திக்கு நுரையீரல் தேவைப்பட்டது. 12 வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர்களின் நுரையீரலுக்கான வரிசையில் பின்னுக்குத் தள்ளப்படும் விதி அப்போது இருந்தது. பெற்றோர் ஊடகங்களில் பேசினார்கள், நீதிமன்றம் போனார்கள். நீதிபதி அந்த விதியை அவளுக்குத் தற்காலிகமாக நிறுத்தினார். அவளுக்கு நுரையீரல் கிடைத்தது. வரிசையைக் குழப்புகிறார்கள் என்று ஒரு பக்கம் விமர்சனம் வந்தது. ஆனா அந்தச் சத்தத்தால் விதி மறுபரிசீலனைக்கு வந்தது, மற்றப் பிள்ளைகளும் விண்ணப்பிக்க வழி திறந்தது.

இந்த இரண்டு கதையிலும் மைக் இருக்கிறது. எங்களுக்குத் தோன்றுவது இதுதான்: பெற்றோரின் குரல் ஒரு பிள்ளையை வரிசையில் முன்னுக்குக் கொண்டுபோவதோடு நின்றால் அது ஒரு குடும்பத்தின் வெற்றி. அதே குரல் வரிசையைத் திருத்தினால், அல்லது கொடுக்கிறவர்களைக் கூட்டினால், முகமே தெரியாத பிள்ளைகளுக்கும் அது உதவும். ஃபிஸ்கின் குரல் முதலில் ஒன்றைச் செய்தது, பிறகு மற்றதைச் செய்தது. நாங்கள் நினைவில் வைக்க வேண்டியது அந்த இரண்டாவதை.

கொடுக்கிற பக்கத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். யூட்டாவின் அந்தத் தகப்பன் ஜேமியின் கதையைக் கேட்டுத்தான் கொடுத்தார். முகம் தெரிந்தால் கொடுப்பது கொஞ்சம் இலகு. முகம் தெரியாமல் கொடுப்பது எங்கட நாட்டுக்குப் புதிசில்லை. வைத்தியர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண்தான சங்கம் 1964இல் முதன்முதலாக வெளிநாட்டுக்குக் கண்கள் அனுப்பியது. ஐஸ் நிரப்பிய தேமஸ் போத்தலில் அவை சிங்கப்பூருக்குப் போயின. அந்தக் கண்களைக் கொடுத்த குடும்பங்களில் யாரும், பெறுபவரின் படத்தைக் காட்டு என்று கேட்டிருக்கமாட்டார்கள். உறுப்பு விற்பனையைத் தடுக்கும் எங்கட சட்டமும் 1987இலேயே, 48ஆம் இலக்கச் சட்டமாக, வந்துவிட்டது.

அடுத்த முறை ஒரு குழந்தையின் படம் வந்தால் பகிருங்கள், அதில் தப்பில்லை. ஆனா அதோடு நிற்காமல், அன்று இரவு சாப்பிடும்போது அம்மா அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்: எனக்கு ஏதும் நடந்தால் கொடுத்துவிடுங்கோ, ஆருக்கு எண்டு கேக்க வேண்டாம். அந்த நேரத்தில் வைத்தியர்கள் வந்து கேட்கப்போவது அவர்களிடம்தான். எங்களுடைய விருப்பம் என்னவென்று அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.