வாட்ஸ் புராணம்

ஹோம் தியேட்டர் ரிசீவர் வாங்கக் கிளம்புற யாருக்கும் முதல்ல கண்ணுல படறது ஒரு எண்தான். 100 வாட்ஸ், 150 வாட்ஸ், சில பெட்டியில 1000 வாட்ஸ். பட்ஜெட் கம்மின்னா இன்னும் மோசம், ஒரே விலையில இருக்கிற ரெண்டு மாடல்ல எது பெரிய எண்ணோ அதைத் தூக்கிட்டு வந்துடுவோம். அந்த எண்ணுக்குப் பின்னாடி அறுபது வருஷத்துக் கூத்து இருக்கு. அதைச் சொல்றதுதான் இந்தப் பதிவு.

1960கள்ல அமெரிக்காவுல ஸ்டீரியோ மோகம் உச்சத்துல இருந்தது. வாட்ஸை இப்படித்தான் அளக்கணும்னு சட்டம் எதுவும் கிடையாது. அதனால ஆளாளுக்கு ஒரு கணக்கு. சேனலுக்கு 10 வாட்ஸ் தொடர்ந்து தரக்கூடிய ஒரு ஆம்ப்ளிஃபையரை எடுத்துக்கோங்க. ரெண்டு சேனலையும் கூட்டினா 20. சைன் அலையோட உச்சத்துல சக்தி சராசரியைப் போல ரெண்டு மடங்கு, அதனால 40. அதுக்கும் மேல 'மியூசிக் பவர்'னு ஒண்ணு. பவர் சப்ளை தளர்றதுக்குள்ள ஒரு கணம் எவ்வளவு தரும்னு பார்த்து, அந்த எண்ணைப் போடறது. இதுல எதையும் முழுப் பொய்னு சொல்ல முடியாது, ஒவ்வொண்ணுக்கும் ஒரு கணக்கு இருந்தது. ஆனா ரெண்டு கம்பெனியோட எண்ணைப் பக்கத்துல வச்சு ஒப்பிட முடியாது. நேர்மையா 10னு போட்டவனோட பெட்டிதான் கடையில தூங்கும்.

1974ல எஃப்.டி.சி. எனப்படும் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் இதுக்கு ஒரு விதி கொண்டு வந்தது. வாட்ஸைச் சொன்னா கூடவே எத்தனை ஓம் ஸ்பீக்கர், எந்த அதிர்வெண்ல இருந்து எது வரைக்கும், சிதைவு எத்தனை சதவீதம்னும் சொல்லணும். ரெண்டு சேனலும் ஒரே நேரத்துல முழுசா ஓடணும். அதுக்கு முன்னாடி, சொன்ன சக்தியில மூணுல ஒரு பங்குல ஒரு மணி நேரம் ஓட விடணும்.

கடைசி நிபந்தனைதான் விஷயமே. அன்னைக்கு வழக்கத்துல இருந்த ஆம்ப்ளிஃபையர்கள் அதிகமா சூடாகிறது முழு சக்தியில இல்லை, கிட்டத்தட்ட இந்த மூணுல ஒரு பங்குலதான். அதைத் தாங்கணும்னா பெரிய ஹீட்சிங்க், பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வேணும். போட்டி நிக்கலை, ஆனா இப்போ எண்ணைக் கூட்டணும்னா இரும்பையும் அலுமினியத்தையும் நிஜமாவே கூட்ட வேண்டியதாச்சு. 1978ல வந்த பயனியர் எஸ்எக்ஸ்-1980 சேனலுக்கு 270 வாட்ஸ், எடை சுமார் 35 கிலோ. தூக்கினவன் முதுகைக் கேட்டா எண் உண்மைதான்னு சொல்லும் :-)

அப்புறம் 1997ல அமெரிக்காவுக்கு டிவிடி வந்தது, கூடவே 5.1 வீட்டுக்குள்ள நுழைஞ்சது. இப்போ ஒரே பவர் சப்ளை அஞ்சு சேனலுக்குத் தீனி போடணும். 2000ல எஃப்.டி.சி. அந்த மூணுல ஒரு பங்கை எட்டுல ஒரு பங்காக் குறைச்சது. 'எல்லா சேனலும்'னா ரெண்டா, அஞ்சா, ஏழான்னு ஒரு குழப்பம் ஓடிட்டே இருந்தது. குறைஞ்சபட்சம் முன்பக்க இடது, வலது ரெண்டும் ஓடினாப் போதும்ங்கிற விளக்கம் 2010ல வந்தது. ஓம், அதிர்வெண், சிதைவு எல்லாம் இன்னமும் கம்பெனி விருப்பம்தான். அந்த ஓட்டை அடைபட 2024 ஆச்சு. 8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, சிதைவு 1 சதவீதத்துக்குக் கீழன்னு அளவைப் பொதுவாக்கிட்டாங்க.

இது அமெரிக்க விதி, நம்ம ஊர் அட்டைப்பெட்டிக்குப் பொருந்தாது. நமக்கு வாய்ச்சது பி.எம்.பி.ஓ. தான். அதுக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட இலக்கணமே கிடையாது. யூஎஸ்பி 2.0 துளையில செருகுற குட்டி ஸ்பீக்கர் மேல நூத்துக்கணக்குல பி.எம்.பி.ஓ. போட்டிருக்கிறதைப் பார்த்திருப்பீங்க. அந்தத் துளை தர்றது 5 வோல்ட், 500 மில்லி ஆம்பியர். பெருக்கினா 2.5 வாட்ஸ். மிச்சம் எங்கிருந்து வருதுன்னு நியூட்டனைத்தான் கேட்கணும்!

சரி, இன்னைக்கு பட்ஜெட் ரிசீவருக்கு வருவோம். 2018ல வந்த யமஹா ஆர்எக்ஸ்-வி385க்கு அந்தக் கம்பெனியே மூணு எண் கொடுத்திருக்கு. ஒரு சேனல், 1 கிலோஹெர்ட்ஸ், 10 சதவீதச் சிதைவுன்னா 135 வாட்ஸ். அதே ஒரு சேனல், 0.9 சதவீதம்னா 100. ரெண்டு சேனல், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 0.09 சதவீதம்னா 70. பெட்டி ஒண்ணுதான், எண் மூணு. ஒளிச்சு வைக்காம மூணையும் சொன்னது நல்ல விஷயம். ஆனா நாம ஒப்பிட வேண்டியது 70ஐ. பக்கத்துல இருக்கிற வேற கம்பெனி மாடலோட 135ஐ இதோட 70கூட வச்சுப் பார்த்தா கணக்கு கந்தல்.

இன்னொண்ணு. 70க்கும் 135க்கும் உள்ள வித்தியாசம் காதுக்கு 3 டெசிபல்கூட இல்லை. சத்தம் ரெண்டு மடங்காக் கேட்கணும்னா சுமார் 10 மடங்கு வாட்ஸ் வேணும். அதே 3 டெசிபல் ஸ்பீக்கர்லயே கிடைக்கும். 87 டெசிபல் உணர்திறன் உள்ள ஸ்பீக்கருக்கு 100 வாட்ஸ் தேவைப்படற இடத்துல, 90 டெசிபல் ஸ்பீக்கருக்கு 50 போதும்.

அதனால என் கட்சி இதுதான்: ரிசீவர்ல வாட்ஸுக்காகக் கூடுதலா 5000 ரூபாய் கொடுக்காதீங்க, அதை ஸ்பீக்கர்ல போடுங்க. கடைக்காரர் "100 வாட்ஸ் சார்"னு சொன்னா, "எத்தனை சேனல் ஓடறப்போ, எத்தனை சதவீதச் சிதைவுல?"ன்னு கேளுங்க. அவருக்குத் தெரியலைன்னாலும் பரவாயில்லை, கையேட்டோட கடைசிப் பக்கங்கள்ல பெரும்பாலும் இருக்கும். அங்கேயும் நிபந்தனை போடலைன்னா அந்த எண்ணை மறந்துடுங்க.